கழிவறைக் கண்ணாடியின் பதிவு எண்

திருவாழிக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் அந்த ஆண்டு மக்கள் மிக அதிக நேரம் பார்த்த பொருள் எதுவென்று பார்வைமானி அறிவித்தபோது, காப்பாட்சியர் மதிவதனி சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்பது அவள் கட்சி. முதல் இடம் ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைய நடுகல்லுக்கும் போகவில்லை, செப்பேட்டுக்கும் போகவில்லை. பெண்கள் கழிவறைக்கு வெளியே, கைகழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடிக்குப் போயிற்று. நாற்பத்தொரு லட்சத்துச் சொச்சம் விநாடிகள்! நடுகல்லுக்கு ஒன்பதாயிரம் விநாடி. அதிலும் பாதி, அதன்மேல் சாய்ந்துகொண்டு செல்பேசி நோண்டியவர்களுடையது.

பார்வைமானி என்பது சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்ணாடிக் கண். ஒவ்வொரு பேழைக்கும், சுவரில் மாட்டிய ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று. வருகிறவரின் கருவிழி எங்கே திரும்புகிறது, எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு அறுநூறு விநாடிகூடப் பார்க்கப்படாத பொருளுக்கு அரசு இடத்தில் இடமில்லை என்று சட்டம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்படிப்பட்ட பொருளை நுணுக்கமாகப் படமெடுத்து ஒளியுருவாக்கிச் சேமித்துவிட்டு, அசலை ‘விடுவித்து’விடுவார்கள். எறிவதற்கு அரசு வைத்த செல்லப் பெயர் அது. அருங்காட்சியகத்தில் நன்றாக வேலை செய்கிறது என்று பிறகு நூலகங்களுக்கும் கொண்டுபோனார்கள். இப்போது பள்ளிப் பாடங்களுக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். பிள்ளைகள் பார்க்காத பாடம் எதற்கு என்று ஒரு குழு கூடிப் பேசிக்கொண்டிருக்கிறது.

இதில் உச்சம் கிடங்கு. பூட்டிய அலமாரிக்குள் இருந்த ஏழாயிரம் பொருட்களை ஓராண்டில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்று பார்வைமானி கண்டுபிடித்தது. பூட்டிய அலமாரிக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதைச் சொல்ல ஓர் இயந்திரம், அதைக் கேட்டுத் தலையாட்ட ஓர் அமைச்சரவை!

இயக்குநர் துருவன் சென்னையிலிருந்து வந்தவர். வயது முப்பத்தாறு. இதற்கு முன் வணிக வளாகம் ஒன்றில் எந்த வாசல் வழியாக எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவர். பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. பொல்லாதவராக இருக்கவும் கொஞ்சம் யோசனை வேண்டுமே.

“மேடம், இது மக்கள் தீர்ப்பு. மறுக்கறதுக்கு நாம யாரு?” என்றார்.

“சார், அவங்க கண்ணாடியப் பாக்கல. கண்ணாடியில அவங்க மூஞ்சியப் பாத்தாங்க.”

“அதான் மேடம் பாயிண்ட்டே! வர்றவங்களுக்கு அவங்களையே காட்டுற ஒரே எக்ஸிபிட் இதுதான். நல்லா ஒரு ஃப்ரேம் போடச் சொல்லியிருக்கேன். நீங்க பதிவேட்டுல ஏத்தி நம்பர் குடுத்துடுங்க. அடுத்த மாசம் அமைச்சர் திறந்து வைக்கிறார்.”

“கழிவறைக் கண்ணாடியையா?”

“கண்ணாடியை மேடம். கழிவறையை ஏன் சேக்கறீங்க?”

மதிவதனி எழுந்து வந்துவிட்டாள். இந்த மனிதர் பதவியேற்ற அன்று அவளை நிற்க வைத்துக் கேட்ட முதல் கேள்வியே, ‘காப்பாட்சியர்னா எக்ஸாக்டா என்ன பண்ணுவீங்க மேடம்?’ என்பதுதான். ‘யாருக்காவது தேவைப்படும் சார். அவங்க வர்ற வரைக்கும் வச்சிருப்பேன்’ என்றாள். ‘யாரு வருவாங்க?’ ‘தெரியாது.’ ‘இதுவரைக்கும் வந்திருக்காங்களா?’ இருபத்தெட்டு ஆண்டுகளில் கிடங்குப் பொருளைத் தேடி ஒருவர்கூட வந்ததில்லை என்பதுதான் உண்மை. அந்த உண்மை அவளுக்குத் தொண்டையில் முள். அதை மறைக்கத்தான் எல்லார் மேலும் அத்தனை இளக்காரம் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர்களையும் சேர்த்தே இளக்காரம் செய்திருப்பாள்.

கண்ணாடி அவள் மேசைக்கு வந்தது. தூக்கி வந்தவர் உதவியாளர் தருண். பெற்றவர்கள் இளமை என்று பேர் வைத்த மனிதருக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது, முழு வழுக்கை, முட்டி வலி.

கண்ணாடியின் மரச் சட்டத்தைச் சுற்றிலும் தங்க வண்ணம் அடித்த சிப்பிகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. மதிவதனி அரைப் பார்வை பார்த்தாள். கடற்கரைக் கடைகளில் பெயர் எழுதித் தொங்கவிடுவார்களே, அந்த ரகம். அதற்குமேல் பார்ப்பது தன் கண்ணுக்குக் கேவலம் என்று கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டாள்.

ஆனாலும் வேலை வேலைதான். பொருளின் மறைவான ஓரத்தில் முதலில் ஒரு பூச்சு வார்னிஷ். காய்ந்தபின் கறுப்பு மையில் மெல்லிய நிப்பால் பதிவு எண். அது காய்ந்தபின் மேலே இன்னொரு பூச்சு. சீட்டு கிழியும், பெட்டி மாறும், ஆட்கள் மாறுவார்கள். இரண்டு பூச்சுக்கு நடுவில் உட்கார்ந்த எண் மட்டும் போகாது. அந்தக் கட்டடத்தில் நூற்றைம்பது ஆண்டுகளாக எல்லாக் காப்பாட்சியர்களும் அப்படித்தான் எழுதினார்கள். நெல்மணி அளவு பாசிமணிக்குக்கூட எழுதியிருக்கிறார்கள். மதிவதனியும் எழுதினாள்: 2063/1. அந்த ஆண்டின் முதல் சேர்க்கை. எழுதி முடித்ததும் நிப்பை இரண்டு முறை கழுவினாள்.

*

கண்ணாடி திரும்பவும் சுவரேறிய மூன்றாம் நாள், மதியம் ஒரு பெண் அவள் அறை வாசலில் வந்து நின்றாள். முகம் தெரிந்த முகம்தான். எதிரே அரசு மருத்துவமனை. அங்கே வந்துவிட்டுப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் வெயிலுக்கு ஒதுங்குமிடம் இந்த அருங்காட்சியகம். உள்ளே வருவார்கள், முகம் கழுவுவார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள், போவார்கள். அவர்களுக்கு மதிவதனி வைத்திருந்த பெயர் ‘கண்ணாடிக் கூட்டம்’. இவள் அந்தக் கூட்டத்தில் நீண்டகால உறுப்பினர். ஒரு நாள் அரைமணி நேரம் கண்ணாடி முன்னாலேயே நின்றதைப் பார்த்து மதிவதனி தருணிடம், “அழகுப் போட்டிக்குப் போறா போல” என்று சொல்லியிருக்கிறாள்.

“ஏனுங்க மேடம், இங்க பழைய சிப்பி இருக்குதுங்களா?”

“சிப்பி மாலையெல்லாம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்மா. இங்க விக்கிறதில்ல.”

“விக்கிற சிப்பி இல்லீங்க. குழலாத்துச் சிப்பி. ஃபேக்டரி வர்றதுக்கு முன்னால எடுத்ததாட்ட இருந்தா வேணுங்க.”

மதிவதனி பேனாவைக் கீழே வைத்தாள்.

“உக்காரும்மா. பேரென்ன?”

“கனிஷ்காங்க. கீழப்பாளையம். மில் கேன்டீன்ல வேலைங்க.” உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில். “எம்புள்ள தியாவுக்குப் பதினோரு வயசுங்க. மூணு வருசமா எலும்பு நோவுதுங்குறா. போன வருசம் கிட்னியும் போச்சுன்னுட்டாங்க. எங்க ஊர்ல அவளாட்டவே பத்தொம்போது புள்ளைங்க. தண்ணியில காட்மியம்னு ஒரு கழிவு கெடக்குதாமா. பேட்டரி ஃபேக்டரிதானுங்க விடுது, ஊருக்கே தெரியும். கேஸ் போட்டிருக்கறோம். அவிய என்ன சொல்றாங்கன்னா, இந்த ஆத்து மண்ணே ஆதியில இருந்து அப்படித்தான், நாங்க வந்து ஒண்ணும் கலக்கலைன்னு.”

“அதுக்குச் சிப்பி எதுக்கு?”

“எங்களுக்குக் கேஸ் எழுதிக் குடுத்த காலேஜ் சார் சொன்னாருங்க. சிப்பி வளரும்போது தண்ணியில என்ன இருக்குதோ அத ஓட்டுக்குள்ள சேத்துக்குமாமா. செத்தாலும் அது போகாதாமா. ஃபேக்டரிக்கு முந்தின சிப்பி ஒண்ணு கெடச்சுதுன்னா, ஒரு சிட்டிகை பொடி பண்ணிப் பாத்தா அன்னைக்கு ஆத்துத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு சொல்லிப்போடலாமாமா. ஆத்துல இப்பச் சிப்பியே இல்லீங்க. இந்த மியூசியத்துல இருக்குதுன்னு ஏதோ பழைய பட்டியல்ல அவரு பாத்தாராமா.” “இன்னும் பத்தொம்போது நாள்தான் டைம் குடுத்திருக்காங்க மேடம். அதுக்குள்ள காட்டலைன்னா கேஸ மூடிருவோம்னுட்டாங்க.”

மதிவதனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வந்துவிட்டாள்! இருபத்தெட்டு ஆண்டுகளாக ‘யாருக்காவது தேவைப்படும்’ என்று சொல்லி வந்த அந்த யாரோ, மில் கேன்டீன் சீருடையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் கண்ணாடிக் கூட்டத்திலிருந்து.

பதிவேட்டைத் தூக்கிப் போட்டுப் புரட்டினாள். தேட வேண்டியதே இல்லை, அவளுக்கு மனப்பாடம். 34/112. ‘ஆற்றுச் சிப்பி ஓடுகள், முப்பத்தெட்டு. குழலாறு, பெரிய பாலத்துக்குக் கீழே, முழங்கால் ஆழம். 14-2-1934.’ எடுத்தவர் யாரோ பொதுப்பணி மேற்பார்வையாளர். பாலம் பார்க்கப் போன இடத்தில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருக்கிறார். எதற்கு இறங்கினார் என்று இனி கேட்க முடியாது. ஆனால் எந்த இடம், எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று எழுதி வைத்தார். மகராசன்.

“இருக்கும்மா, வா” என்று கனிஷ்காவின் கையைப் பிடித்துக் கிடங்குக்கு அழைத்துப் போனாள். நாற்பத்தொன்றாம் அலமாரி. மூன்றாவது இழுப்பறை. இழுத்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை. அடியில் விரித்த பழைய தாளில் முப்பத்தெட்டு வட்டங்கள் மட்டும் மங்காமல் வெள்ளையாக இருந்தன.

மதிவதனிக்கு உடனே புரிந்துவிட்டது. கனிஷ்காவுக்குப் புரியவில்லை. “வேற டப்பாவுல இருக்குமுங்களா?” என்று அடுத்த இழுப்பறையை எட்டிப் பார்த்தாள்.

விடுவிப்புப் பட்டியல் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். இருநூற்று ஏழாம் பக்கத்தில் கிடைத்தது: ‘34/112. ஓடுகள், மங்கியவை, 38.’ பட்டியலின் முடிவில் ஒரு சான்று. ‘மேற்கண்ட பொருட்கள் ஒவ்வொன்றையும் நேரில் பார்வையிட்டேன். இவை ஆய்வுக்கோ சாட்சியத்துக்கோ பயன்படாதவை என உறுதியளிக்கிறேன்.’ அதன் கீழே மதிவதனியின் விரல்ரேகை.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சட்டத்தை எதிர்த்துப் பதினொரு கடிதம் எழுதியிருந்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. பன்னிரண்டாவதாக இந்தப் பட்டியல் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, இது வேண்டும், அது வேண்டும் என்று எழுதியிருக்கலாம். அதற்குச் சட்டத்தில் இடமும் இருந்தது. ஆனால் இயந்திரம் போட்ட பட்டியலை, இந்த மூடர்கள் அனுப்பியதை, நான் உட்கார்ந்து படிப்பதா? எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள் என்று கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒரே அழுத்து. கௌரவமாகத்தான் இருந்தது, அன்றைக்கு.

“அசல் இல்லம்மா” என்றாள். “படம் இருக்கு.”

ஒளியுருவை வரவழைத்தாள். மேசைமேல் காற்றில் முப்பத்தெட்டுச் சிப்பிகளும் எழுந்து நின்றன. அசலில் இல்லாத பளபளப்பு. ஒவ்வொரு வரியும் வளையமும் தெரிய மெதுவாகச் சுழன்றன. கனிஷ்கா வாய் திறந்து பார்த்தாள். கையை நீட்டி ஒரு சிப்பியின் ஊடாக விரலை விட்டு எடுத்தாள்.

“இதுல இருந்து கொஞ்சம் சுரண்ட முடியாதுங்களா மேடம்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். மதிவதனி ஒளியுருவை அணைத்தாள்.

*

“விடுவிச்ச பொருளெல்லாம் எங்க போச்சு?” இயக்குநர் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்து கேட்டாள். கனிஷ்காவும் பின்னாலேயே வந்து சுவரோரம் நின்றாள்.

துருவன் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். “ரீயூஸ் மேடம். கல்லெல்லாம் ரோடு போடறவங்களுக்கு. மரம் பூங்காவுக்கு. வேஸ்ட் பண்ணல.”

“சிப்பி?”

“சிப்பியா?” அவருக்கு நினைவில்லை. அவருக்கு எதுவும் நினைவிருக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. பக்கத்தில் தேநீர் வைத்துக்கொண்டிருந்த தருண்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

“அதானுங்க மேடம்… அந்தக் கண்ணாடி ஃப்ரேமுக்கு ஏதாச்சும் ஒட்டச் சொன்னாங்க. குப்பை மூட்டையில சிப்பி இருந்துச்சு. சரின்னு நாந்தானுங்க ஒட்டி, கோல்டு பெயிண்ட் அடிச்சேன். முப்பத்தாறு ஒட்டுனேன். ரெண்டு மிதிபட்டு ஒடஞ்சு போச்சுங்க.”

மதிவதனிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவள் மேசையிலேயே கிடந்திருக்கின்றன, அரை நாள். அரைப் பார்வை பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்தவள் அவள். பார்வைமானி ஒரு முட்டாள் என்றால் அன்றைக்கு அதற்குக் கூட்டாளி அவள்தான். பொருளைப் பார்க்கத் தெரிந்தவள் என்று அரசு அமர்த்தி வைத்த ஒரே ஆள்!

“சார், அந்தக் கண்ணாடிச் சட்டத்தக் கழட்டணும். இப்பவே.”

“நோ சான்ஸ் மேடம். நம்ம டாப் எக்ஸிபிட் அது. அடுத்த வாரம் அமைச்சர் வர்றார். சிப்பிதான வேணும்? ஒளியுரு இருக்கே, அனுப்பிடுங்க. அதுல ஜூம் பண்ணா அசலைவிட நல்லாத் தெரியும்.”

சுவரோரத்திலிருந்து கனிஷ்கா பேசினாள். “சார், நல்லாத் தெரிய வேண்டாமுங்க. பொடி பண்ணணுமுங்க.”

துருவன் அவளை, திரையில் தவறாக வந்த எண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “சாரிம்மா. அது மக்களோட சொத்து.”

மதிவதனிக்கு அப்போதுதான் உறைத்தது. மக்களின் சொத்து! பதிவேட்டில் ஏற்றிய சொத்து. வெறும் கண்ணாடியாகவே இருந்திருந்தால் அது கட்டடத்தோடு சேர்ந்தது. ஓர் ஆணியைப் பிடுங்கக்கூடப் பொதுப்பணித் துறைக்கு எழுதி மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். இந்தப் புத்திசாலிகள் அதற்குப் பதிவு எண் வாங்கியிருக்கிறார்கள்.

“சார், விதித் தொகுப்பு படிச்சிருக்கீங்களா? பதினாலாம் பிரிவு. பதிவேட்டுல ஏறின பொருள் பழுதாகுதுன்னு காப்பாட்சியர் கருதினா, யார்கிட்டயும் கேக்காம காட்சியில இருந்து இறக்கலாம். பிரிச்சும் பாக்கலாம்.”

“பழுதா? என்ன பழுது?”

“தொட்டிக்கு மேல மாட்டியிருக்கு. ஈரம். பசை விடும். சாட்சியத்துக்கு வேண்டிய பொருள் தண்ணியில விழும்.”

“மேடம், அது வெறும் கண்ணாடி!”

“அப்படித்தான் சார் நானும் சொன்னேன். நீங்கதான நம்பர் குடுக்கச் சொன்னீங்க?”

தருணைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தாள். தருண் ஒரு கணம் இயக்குநரைப் பார்த்தார், ஒரு கணம் சுவரோரம் நின்ற பெண்ணைப் பார்த்தார். பிறகு முட்டி வலியையும் மறந்து திருகுளியை எடுக்க ஓடினார்.

கைகழுவ வரிசையில் நின்றவர்கள் கண்ணாடி போவதைப் பார்த்து முணுமுணுத்தார்கள். ஒருத்தி, “இனி எங்க போய்த் தலை சீவறது?” என்று சண்டைக்கே வந்தாள். கனிஷ்கா அந்த வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வந்துதானுங்க அழுவேன்” என்றாள் மதிவதனியிடம். “ஆஸ்பத்திரியில அழுதா தியா பாத்துருவா. இங்க தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதுட்டு, மூஞ்சி செவப்பு போயிருச்சான்னு கண்ணாடியப் பாத்துட்டுப் போவேனுங்க.”

அந்த நாற்பத்தொரு லட்சம் விநாடிகளில் இவள் அழுத நேரமும் இருக்கிறது. பார்வைமானி அதை ரசனை என்று எண்ணியது. மதிவதனி அழகுப் போட்டி என்று எண்ணினாள். இரண்டில் எது மட்டம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மேசைமேல் வைத்து, பசையை வெந்நீர்த் துணியால் இளக்கி, முதல் சிப்பியை நெம்பி எடுத்தாள். வெளியே கண்றாவியான தங்க நிறம். திருப்பினாள். உட்குழிவு வெண்மையாக, சுத்தமாக இருந்தது. ஓரத்தில், இரண்டு பூச்சு வார்னிஷுக்கு நடுவில், எறும்புத் தலை அளவு எழுத்தில்: 34/112-7. நூற்று இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கை, ஒரு சுழிப்புக்கூடக் கலையவில்லை. தருண் விளிம்பில் மட்டும்தான் பசை தடவியிருந்தார். பாவம், சிக்கனமான மனிதர்.

மதிவதனி அழுதாள். வெளிப்படையாக, மூக்கைச் சிந்தி, மில் கேன்டீன் பெண்ணுக்கும் வழுக்கைத் தலை உதவியாளருக்கும் முன்னால் அழுதாள்.

மூன்று சிப்பிகள் கல்லூரி ஆய்வகத்துக்குப் போயின. அரைத்தால் திரும்பி வராது. அழிப்பதற்குக் காரணம் எழுத வேண்டிய கட்டம் பதிவேட்டில் உண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளில் அதை அவள் நிரப்பியதே இல்லை. இப்போது எழுதினாள்: ‘கேட்டு வந்தார்கள். கொடுத்தேன்.’

ஆய்வு முடிவு பதினோராம் நாள் வந்தது. 1934-இல் குழலாற்றில் காட்மியம் இருந்ததற்கான தடயமே இல்லை.

*

பேட்டரி ஆலையின் வழக்கறிஞர் தீர்ப்பாயத்தில் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆள் கெட்டிக்காரர். சாட்சி சொல்ல வந்த மதிவதனியிடம் ஒரே ஒரு தாளை மட்டும் தூக்கிக் காட்டினார்.

“இது உங்க ரேகைதானே மேடம்? ‘ஒவ்வொன்றையும் நேரில் பார்வையிட்டேன், சாட்சியத்துக்குப் பயன்படாதவை.’ நீங்களே சான்று குடுத்திருக்கீங்க. ஆளில்லாத குப்பை மூட்டையில கெடந்து, பெயிண்ட் அடிச்சு, கண்ணாடியில ஒட்டின சிப்பி. அதை இன்னைக்கு சாட்சியம்ங்கறீங்க.”

“அந்தச் சான்று தப்புங்க.”

“தப்பா, பொய்யா?”

மண்டபத்தில் கீழப்பாளையத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கனிஷ்கா பக்கத்தில் தியா, இந்த வெயிலிலும் கம்பளிச் சால்வையோடு. பொய்ச் சான்று கொடுத்த காப்பாட்சியர் வேலையில் நீடிக்க முடியாது. அது மதிவதனிக்கு அந்த வழக்கறிஞரைவிட நன்றாகத் தெரியும். வேலை போவதுகூடப் பெரிதில்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு சொத்து: ‘நான் பார்த்தேன்’ என்று அவள் எழுதினால் அவள் பார்த்திருப்பாள் என்ற பேர். அதை இத்தனை பேர் முன்னால் அவிழ்த்துப் போட வேண்டும்.

“பொய்” என்றாள். “நான் ஒண்ணையும் பாக்கல. பட்டியலையே படிக்கல. படிக்கறது எனக்குக் கேவலம்னு நெனச்சு, கடைசிப் பக்கத்துல விரல வச்சேன்.”

வழக்கறிஞர் புன்னகையோடு நீதிபதி பக்கம் திரும்பினார். “அப்போ பொய் சொன்னேங்கறாங்க, இப்போ உண்மைங்கறாங்க. படிக்கலைங்கறதுக்கு என்ன ஆதாரம்? ஊர்க்காரங்க அழுததைப் பார்த்து இன்னைக்கு மாத்திச் சொல்லலாம் இல்லையா?”

நீதிபதி மதிவதனியைப் பார்த்தார். “ஆதாரம் இருக்கா?”

“இருக்குங்க” என்றாள். “எங்க மேசைக்கு மேலயும் பார்வைமானி இருக்குங்க. ஊழியர் எவ்வளவு கவனமா வேலை செய்யறாங்கன்னு எண்ண, இயக்குநர் வச்சது. அந்த நாள் பதிவை வரவழைச்சுப் பாருங்க.”

வரவழைத்தார்கள். மூன்று ஆண்டுகளாக அவள் வாயில் வராத வசவில்லை, அந்தப் பொத்தான் கண்ணைப் பார்த்து. அது ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் தன் வேலையைச் செய்திருந்தது. நீதிபதியே உரக்கப் படித்தார்.

“விடுவிப்புப் பட்டியல். மொத்தப் பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு. காப்பாட்சியரின் மொத்தப் பார்வை பதினொரு விநாடி. அனைத்தும் கடைசிப் பக்கத்தில்.” கீழே தள்ளிப் பார்த்தார். “பக்கம் இருநூற்று ஏழு. பார்வை, பூஜ்யம்.”

“ஆமாங்க” என்றாள் மதிவதனி.

வழக்கறிஞரின் புன்னகை நின்றுவிட்டது. தியா தாயின் காதில் என்னவோ கேட்டாள். கனிஷ்கா மதிவதனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிபதி அந்தச் சான்றின் குறுக்கே கோடு போட்டு, சிப்பிகளை ஆதாரமாக ஏற்றுக்கொள்வதாக எழுதினார். கூடவே, பொய்ச் சான்று கொடுத்த அலுவலர்மீது துறை உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் எழுதினார்.

துறை அதை மட்டும் பத்தே நாளில் எடுத்தது. பணிநீக்க ஆணையைத் துருவனே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “கடைசிப் பக்கத்துல ஒரு ரேகை மேடம். சும்மா ஃபார்மாலிட்டிதான்” என்றார்.

மதிவதனி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முதல் பக்கத்தைத் திறந்தாள். ஆணை எண், நாள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று ஒரு வரி விடாமல் படித்தாள். தன் பெயரின் முன்னெழுத்து தவறாக இருந்தது. அதைத் திருத்தி ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தாள். துருவன் காலை மாற்றி மாற்றி நின்றார். தலைக்கு மேலே அந்தப் பொத்தான் கண் எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் படித்து முடித்தபின் விரலை வைத்தாள்.